கண்டி வீதியின் கடன்

வரவு செலவுத் திட்டம் என்றதும் எண்களின் அடுக்கே பெரும்பாலோரின் நினைவுக்கு வருகின்றது. ஆண்டுதோறும் பாராளுமன்றத்திலே ஒதுக்கீட்டுச் சட்டமூலம் முன்வைக்கப்படுகின்றது. எந்த அமைச்சுக்கு எவ்வளவு, அரசு எவ்வளவு கடன் பெறலாம், எப்பொருளின் மீது என்ன வரி என்பன பத்திரிகைகளில் பட்டியலாக வெளிவருகின்றன. சில நாட்களிற் பட்டியல் மறக்கப்பட்டுவிடும். ஆனால் வரி எவரையும் மறப்பதில்லை. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் நீதிமன்ற வாயிலிலும் அது தன் பங்கைக் கேட்டு வாங்கிக் கொள்கின்றது.

போக்குவரத்துக்கென அரசு பெறும் கடனையும், நீதிமன்றங்கள் வழியே அரசு திரட்டும் தண்டப் பணத்தையும் இரு வேறு பொருள்களாகக் கருதுவதே வழக்கம். முன்னையது பொறியியலோடும் பொருளியலோடும் தொடர்புடையது; பின்னையது சட்டத்தைச் சார்ந்தது. எனினும் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு நோக்குமிடத்து, இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகவே தோன்றுகின்றன. ஒரு பாதையைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்பலாம். அதனை அமைக்கத் தீர்மானித்தவர் யார்? அதற்கான பணத்தைச் செலுத்துபவர் யார்? அதிலே பயணஞ் செய்பவர் யார்? மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றாகும்போது வரி ஒரு பங்களிப்பாக ஏற்கப்படுகின்றது. விடைகள் வேறுபடும்போது மக்களின் சம்மதம் விட்ட இடைவெளியை நீதிமன்றம் நிரப்ப வேண்டியதாகின்றது. கண்டி வீதியின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியை அமைப்பதே ஆட்சியாளரின் முதற் கவலையாயிற்று. மலைகளே கண்டியின் அரணாக இருந்தன. அவ்வரணை ஊடறுக்காமல் ஆட்சி நிலைக்காது என்பதைத் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் உணர்ந்திருந்தார். 1820களில் வீதி எழுந்தது. அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் நிற்கின்றது. கல்லுடைத்து மண் சுமந்த கிராமத்தவர்க்கோ நினைவுச் சின்னம் எதுவுமில்லை. அவர்கள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையின் கீழே அழைத்து வரப்பட்டவர்கள். மன்னர் காலத்திலே நிலத்துக்கு ஈடாகச் செய்யப்பட்ட அக்கடமை, புதிய ஆட்சியிலே கூலியில்லா உழைப்பாகப் பயன்படுத்தப்பட்டது. அவ்வீதிக்காக அரசு கடன் வாங்கவில்லை; மக்களின் உடலுழைப்பே மூலதனமாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையையடுத்து 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மக்கள் அதனை ஒரு விடுதலையாகவே கருதினர்.

அவ்விடுதலை பதினைந்து ஆண்டுகளளவே நிலைத்தது எனலாம். 1840களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிப் பின் சரிவுற்றபோது அரசின் திறைசேரி நெருக்கடிக்குள்ளாயிற்று. 1847இற் பதவியேற்ற தேசாதிபதி டொரிங்டன் பிரபு, ஏற்றுமதித் தீர்வைகள் வர்த்தகத்துக்குத் தடையென்னும் அக்காலப் பொருளியற் கொள்கையைத் தழுவி, கோப்பியின் மீதான ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். அதனால் ஏற்படும் இழப்பை ஈடு செய்யப் புதிய வரிகள் தேவைப்பட்டன. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி என அவை அடுக்கடுக்காக வந்தன. அவற்றுள் கண்டி மக்களின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியது 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டமாகும். வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதியில் வேலை செய்ய வேண்டும். அல்லது அதற்கு ஈடாக மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி.

பார்வைக்கு இது சமநீதி போலத் தோன்றும். பெருந்தோட்டத் துரைக்கும் மூன்று சிலிங். சேனைப் பயிரிட்டு வாழும் கிராமத்தவனுக்கும் மூன்று சிலிங். ஆயினும் துரையின் கோப்பி மூடைகளைத் தாங்கிய வண்டிகளே அவ்வீதிகளை நாளெல்லாம் உழுது சென்றன. கிராமத்தவனோ பெரும்பாலும் தன் ஒற்றையடிப் பாதையிலேயே நடந்தான். கோப்பியின் சுமை இறக்கப்பட்டு, அதே சுமை தலைக்கு மூன்று சிலிங்காக அவன் மீது ஏற்றப்பட்டது. இராசகாரியம் வேறு பெயரில் மீண்டு வந்ததென அவன் எண்ணியது தவறன்று.

1848 யூலைத் தொடக்கத்திலே கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டனர். அவர்களது முறையீடு செவிமடுக்கப்படவில்லை. அம்மாத இறுதியிலே தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா அரசனாகப் பிரகடனப்படுத்தப்பட்டான், மாத்தளை தாக்கப்பட்டது, கண்டியில் இராணுவச் சட்டம் அமுலாயிற்று. ஓகத்து 8ஆம் நாள் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த பிக்கு ஒருவரும் காவியுடையோடு சுடப்பட்டார். இராணுவ நீதிமன்றங்கள் விரைந்து விசாரித்து விரைந்து தண்டித்தன. வரி பற்றிய வழக்கைச் சட்டநிரூபண சபையிலே வாதிடும் உரிமை மக்களுக்கு இருக்கவில்லை. ஆகவே அது இராணுவ மன்றிலே துப்பாக்கியாற் தீர்க்கப்பட்டது. பின்னர் கண்டியில் நடைபெற்ற உயர்நீதிமன்ற விசாரணையிலே குற்றவாளிகளெனக் காணப்பட்டோர்க்குக் கருணை காட்டுமாறு பிரதம நீதியரசர் அந்தனி ஒலிபண்ட் பரிந்துரைத்தார் என்பதும், பிரித்தானியப் பாராளுமன்றத் தெரிகுழு இவ்விடயத்தை ஆராய்ந்ததும், டொரிங்டன் 1850இல் திரும்ப அழைக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கன. எனினும் வீதி வரி ஒழியவில்லை. திருத்தங்களோடு அது நெடுங்காலம் தொடர்ந்தது.

வீதியையடுத்து வந்தது இருப்புப்பாதை. 1845இலேயே இலண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. கம்பனியின் மூலதனத்துக்கு வட்டி கிடைக்குமென அரசு உத்தரவாதமளித்தது. அதாவது, இலாபம் வந்தாற் பங்குதாரருக்கு. நட்டம் வந்தால் இலங்கையின் திறைசேரிக்கு. 1858 ஓகத்திலே தேசாதிபதி ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். விரைவிலேயே செலவு மதிப்பீடு முன்னையதைக் காட்டிலும் பன்மடங்கு வளர்ந்து 20 இலட்சம் பவுணையும் தாண்டிற்று. 1861இற் கம்பனியோடு செய்த ஒப்பந்தம் முடிவுற்றது, அரசே பொறுப்பேற்றது. பேவியல் என்னும் ஒப்பந்தகாரர் கடுகண்ணாவைக் கணவாயின் பாறைகளைக் குடைந்து பாதையிட்டார். 1865இல் அம்பேபுசை வரையும், 1867இற் கண்டி வரையும் புகையிரதம் ஓடியது.

இக்கடனை அடைத்த முறை 1848ஆம் ஆண்டின் முறையினின்றும் வேறுபட்டது. கோப்பியின் மீது மீண்டும் ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. பாதையினால் அதிக நன்மை பெறுவோர் தோட்டத்துரைமாரே. அவர்களே அதன் கடனையும் சுமக்கட்டும் என்பது இதன் தத்துவம். 1854இற் கண்டியிலே தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் இதனை எதிர்த்து ஆயுதமேந்தவில்லை; இருப்புப்பாதையை வேண்டி நின்றதே அச்சங்கம்தான். தீர்மானித்தவர், செலுத்தியவர், பயனடைந்தவர் ஆகிய மூவரும் இங்கே ஏறத்தாழ ஒருவரே. இவ்வரிக்காக எவரும் பொகம்பறையிற் சுடப்படவில்லை. தம் குரல் புறக்கணிக்கப்பட்டதாகக் கருதியபோது இவ்வகுப்பாருக்கு வேறு வழிகளும் இருந்தன. 1864இல் இராணுவச் செலவினம் தொடர்பான பிணக்கிலே சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பதவி துறந்து வெளியேறினர். புரன் அப்புவுக்குப் பதவி விலக ஆசனம் இருக்கவில்லை.

இவ்விடத்திலே கணக்கு முடிந்ததெனக் கருதுவது பொருந்தாது. கோப்பியின் மீது விதிக்கப்பட்ட தீர்வையைத் துரைமார் செலுத்தினர் என்று ஏடுகள் கூறும். அக்கோப்பியைப் பறித்தவர் யார்? தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை நடந்து வந்த தொழிலாளரே அவர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். பெரும் பொருட்செலவில் அமைந்த இருப்புப்பாதை முதலில் கோப்பியையே ஏற்றிச் சென்றது. கோப்பியைப் பறித்த கைகள் பன்னெடுங்காலம் காலாலேயே நடந்து வந்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பற் சேவையும், அதனையொட்டிய புகையிரதத் தொடர்பும் 1914இலேயே ஏற்பட்டன.

அரசு இலண்டனிலே கடன்பட்ட அதே காலத்தில் இத்தொழிலாளியும் கடன்பட்டான். அவனது கடனும் போக்குவரத்துக் கடனே. ஊரிலிருந்து புறப்படுங்காலை கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, வழியில் உண்ட சோறு ஆகிய யாவும் அவன் கணக்கில் எழுதப்பட்டன. பிற்காலத்திலே கழுத்தில் தகர வில்லை கட்டி முகாமிலிருந்து தோட்டத்துக்கு அனுப்பப்பட்டபோதும் அப்பயணச் செலவு கணக்கேறியது. தோட்டத்தில் காலடி வைக்கும்போதே அவன் கடனாளி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்ல விரும்பினால், முன்னைய தோட்டத்தார் அவனது கடன் தொகையைக் குறித்து ஒரு துண்டு எழுதிக் கொடுப்பர். அத்தொகையைப் புதிய தோட்டத்தார் செலுத்தினாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. புதிய தோட்டத்தார் செலுத்திய பணமும் அவனது கடனாகவே மாறிற்று. துண்டு கைமாறியபோது மனிதரும் கைமாறினர்.

அரசின் கடனுக்கும் கூலியாளின் கடனுக்கும் இடையே ஒரு வேறுபாடுண்டு. அரசு தவணை தவறினால் கடிதப் போக்குவரத்தும் பேச்சுவார்த்தையும் நிகழும். கூலியாள் சொல்லாமற் சென்றால் அவன் குற்றவாளி. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. குடியியல் வழக்காக இருக்க வேண்டியது குற்றவியல் வழக்காயிற்று. இருப்புப்பாதை கண்டியை நெருங்கிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளிலே இச்சட்டம் பிறந்தது என்பது சிந்தனைக்குரியது. மலைநாட்டு நீதவான் மன்றங்களிலே ஓடிப்போன குற்றத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் தமக்கு விளங்காத மொழியிலே தீர்ப்பைக் கேட்டுச் சிறை சென்றனர். துண்டுமுறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தடை செய்யப்பட்டது.

வீதி வரியின் முடிவும் அக்காலத்தை அண்மித்தே நேர்ந்தது. கண்டியிற் பிறந்து, பின் தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க, அவ்வரியைச் செலுத்த மறுத்துத் தண்டனையாகக் கல்லுடைக்க முன்வந்தார். செல்வம் படைத்தோன் காசை வீசிவிட்டுப் போகலாம், இல்லாதவன் வெயிலிற் கல்லுடைக்க வேண்டும் என்னும் அநீதியை அவரது செயல் ஊரறியச் செய்தது. 1920களின் தொடக்கத்தில் அவ்வரி நீக்கப்பட்டது. 1848இல் துப்பாக்கியால் அடக்கப்பட்ட முறையீடு, எழுபது ஆண்டுகளுக்கு மேற் கடந்த பின்னரே வெற்றி கண்டது.

வாக்குரிமை வந்த பின் இக்குறைகள் யாவும் நீங்கியிருக்க வேண்டும். நாட்டின் பெரும்பாலோருக்கு அவ்வாறே நிகழ்ந்தது. மலையகத் தமிழருக்கோ நேர்மாறானது நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை பல்லாண்டுகளாக அரசின் வருமானத்துக்கு ஒரு தூணாக இருந்தது. அத்தேயிலையைக் கொய்தோருக்கு அவ்வருமானம் எவ்வாறு செலவிடப்பட வேண்டும் எனக் கூறும் உரிமை இருக்கவில்லை. எஞ்சியிருந்தோர் யாவருக்கும் குடியுரிமை வழங்க வழிசெய்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

உள்ளூர் வீதிகளை நோக்கினாலும் இதே நிலையே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளின் வருமான மூலங்களை வரிசைப்படுத்துகின்றது. மோட்டார் வாகன அனுமதிக் கட்டணம், சுங்கக் கட்டணம், நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டம், நீதிமன்ற ஆவணங்களின் முத்திரைக் கட்டணம் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்திலே நீதிமன்றத் தண்டமும் முத்திரைக் கட்டணமும் சபையின் வழியே உள்ளூராட்சி மன்றங்களைச் சேருகின்றன. தோட்டத்து இளைஞன் ஒருவன் நீதவான் மன்றிலே செலுத்தும் தண்டமும் அதில் ஒரு பகுதியே. எனினும் அதே 1987ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குச் சபைநிதியைச் செலவிடுவதற்குப் பெருந்தடையாக இருந்தது. தண்டம் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தது. வீதியோ தோட்டத்துக்கு ஏறிச் செல்லவில்லை. நோயாளியைக் கம்பளியிற் கட்டித் தூக்கி வரும் காட்சிக்குப் பின்னாலே ஒரு சட்டப் பிரிவும் இருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது.

இக்காலத்துக்கு வருவோம். கொழும்பையும் கண்டியையும் அதிவேக நெடுஞ்சாலையால் இணைக்கும் எண்ணம் பல அரசாங்கங்களின் வாக்குறுதியாக இருந்து வருகின்றது. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை–மீரிகமப் பகுதிக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன் பெறப்பட்டது. மீரிகம–குருநாகல் பகுதி 2022 சனவரியிலே திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் அரசு தன் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. கடவத்தைப் பகுதியின் வேலை நின்றது. 2025இலேயே மீண்டும் தொடங்கியது. கண்டியை நோக்கிப் பிரியும் கிளை நிறைவுறவில்லை. ஓடாத பாதைக்கும் கடன் உண்டு என்பதை 1861இல் இலங்கை கற்றது. 2022இல் மீண்டும் கற்றது.

அக்கடனை இப்போது செலுத்துபவர் யார்? 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. கடையிற் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் அதனைச் செலுத்துகின்றனர். அதிவேக நெடுஞ்சாலையில் ஒருநாளும் பயணஞ் செய்யாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் தன் பிள்ளைக்கு வாங்கும் சவர்க்காரத்தில் அதன் ஒரு துளியைச் செலுத்துகின்றாள். பொது நன்மைக்காக எல்லோரும் சுமப்பது நாகரிக சமுதாயத்தின் இயல்பே. கிராமத்து வீதியும் நகரத்தார் பணத்தால் அமைவதுண்டு. ஆயின் வரவுக்கு ஏற்ற வரியை விடச் செலவுக்கு ஏற்ற வரி மேலோங்கும்போது, மூன்று சிலிங்கின் நிழல் அதிலே விழுகின்றது.

தண்டப் பணமும் இந்நிழலுக்கு அப்பாற்பட்டதன்று. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், குறிப்பிட்ட சில வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபாய் தண்டம் முன்மொழியப்பட்டது. தனியார் பேருந்து உரிமையாளரும் சாரதிகளும் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். குடிபோதையில் வாகனம் செலுத்துவோனுக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. வினா வேறு. தண்டத்தின் தொகையை நிருணயிக்க வேண்டிய இடம் குற்றவியற் சட்டமா, வருமானத்தைத் தேடும் வரவு செலவுத் திட்டமா? குற்றம் குறைய வேண்டும் என்பது தண்டத்தின் நோக்கம். தண்டத்தை வருமானமாக எதிர்பார்க்கும் அரசோ, குற்றம் குறையாதிருக்க வேண்டுமென அறியாமலே விரும்புகின்றது. இரண்டும் ஒரு மனத்திற் குடியிருத்தல் அரிது.

இன்னுமொன்று: அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கப்படும் தண்டப் பத்திரத்தை 14 நாட்களுக்குள் செலுத்த வேண்டும், தவறினால் இரட்டிப்பாகும், அதற்கும் பின் நீதிமன்றம். கையிற் காசுள்ளவனுக்கு அது ஒரு சிறு தொல்லை. நாட்கூலிக்கு முச்சக்கர வண்டி ஓட்டுபவனுக்கோ தாமதமே இரண்டாவது குற்றமாகின்றது. வறுமைக்கே மேலதிகக் கட்டணம் விதிக்கப்படுகின்றது. காசு அல்லது கல் என்னும் பழைய தெரிவு முற்றாக மறைந்துவிடவில்லை.

கடன் பெறுதலுக்கு வரம்பு கட்டும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2024ஆம் ஆண்டிலே பகிரங்கக் கடன் முகாமைத்துவச் சட்டமும் பகிரங்க நிதி முகாமைத்துவச் சட்டமும் நிறைவேறின. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் ஒப்படைக்கின்றது. சட்டங்கள் போதியளவு உள்ளன. அவற்றை வாசிப்போர் போதியளவு உளரா என்பதே ஐயம். பல்கலைக்கழகத்திலே பொருளியலும் வரலாறும் தமிழும் கற்போர், ஒரு நாவலைத் திறனாய்வு செய்யும் அக்கறையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் மீது செலுத்துவார்களாயின், மூன்று வினாக்களும் சபையிலே எழும்.

அவை எழ வேண்டிய வேளையும் இதுவே. 2025 நவம்பரிலே வீசிய டித்வா புயலின்போது மலைநாடு பெருந்துயருற்றது. மண்சரிவுகளிற் பலர் மாண்டனர். வீதிகளும் இருப்புப்பாதையும் பல இடங்களிற் சிதைந்தன. அவற்றைச் சீரமைக்கப் பெரும்பணம் வேண்டும். அதன் ஒரு பகுதி கடனாகவே வரும். எந்த வீதி முதலிற் சீராகும், நகரத்து வீதியா, தோட்டத்து வீதியா? அக்கடனைத் தலைக்குத் தலை சமமாக அடைப்பதா, வசதிக்கேற்ப அடைப்பதா? தமிழிற் கடன் என்னும் சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும். செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். கண்டி வீதியின் வரலாற்றிலே முதற் பொருளைச் சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து தீர்த்துள்ளனர். இரண்டாவது பொருளிலான கடன் அவர்களுக்கு இன்னும் செலுத்தப்படாமலே இருக்கின்றது.